கபடிக் களம் முதல் கோவளம் அலை வரை: வேகமான ஆட்டத்தின் படம் கெட்டால் எங்கே பார்ப்பது

ஆட்டப் படம் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் முதலில் லென்ஸைக் குறை சொல்கிறார்கள், அடுத்து கேமராவை. கெட்டுப்போன படத்தையே பெரிதாக்கி நிதானமாகப் பார்ப்பவர்கள் குறைவு. என்ன தவறு நடந்தது என்பதற்கான தடயம் அந்தப் படத்திலேதான் இருக்கிறது. எந்த இடம் கூர்மையாக விழுந்திருக்கிறது? கலங்கல் எந்தத் திசையில் இழுபட்டிருக்கிறது? அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்குள் என்ன மாறியிருக்கிறது? இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் எந்த செட்டிங்கைத் தொட வேண்டும் என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.

அதனால் ஆட்டத்தின் நடுவே கெட்ட படங்களை அழிக்காதீர்கள். இடைவேளையில் ஐந்தாறு படங்களைத் திறந்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஷட்டர் வேகம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ மூன்றையும் பாருங்கள். ஷட்டர் வேகம் என்பது ஒளி உள்ளே வரும் நேரம். அப்பர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு, எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது. ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன். அப்புறம் கீழே உங்கள் படத்துக்குப் பொருந்தும் அறிகுறிக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்று அடுத்த ஆட்டத்தில் தெரியாது.

பின்னணி தெளிவு, ஆள் மட்டும் கரைந்திருக்கிறார்

பின்னால் கட்டிய பேனரின் எழுத்தைப் படிக்க முடிகிறது. தரையில் போட்ட கோடு தெளிவாக இருக்கிறது. ரைடரின், அதாவது கபடியில் பாடிப் போகிறவரின், உடல் மட்டும் பக்கவாட்டில் இழுபட்டிருக்கிறது. இதில் கேமரா ஆடவில்லை, ஷட்டர் வேகம்தான் போதவில்லை.

கணக்கு எளிது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் கை, 1/1000 நொடிக்குள் 1 செ.மீ. நகரும். 1/250 என்றால் இரண்டரை மடங்கு மெதுவாக ஓடும் உடம்பே அந்த நேரத்தில் ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும், கை 4 செ.மீ. போய்விடும். மணிக்கு 140 கி.மீ. வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து நொடிக்கு 39 மீட்டர் போகிறது. 1/1000 வைத்தால் அது ஏறக்குறைய 4 செ.மீ. இழுபடும். பந்தின் குறுக்களவே 7 செ.மீ. சொச்சம்தான். தையல் தெரிய வேண்டும் என்றால் 1/4000 பக்கம் போக வேண்டும்.

தொடங்குவதற்குச் சில அளவுகள் சொல்கிறேன். கபடிக்கு 1/800 முதல் 1/1000. சிலம்பக் கம்பு தெளிவாக வர 1/2000. அலைச்சறுக்குக்கு 1/1250க்கு மேல். உங்களை நோக்கி நேராக ஓடி வருபவருக்கு இதில் பாதி வேகம்கூடப் போதும், குறுக்கே ஓடுபவருக்குத்தான் முழு வேகம் வேண்டும். ஒரே ஓட்டப்பந்தயத்தை டிராக்கின் வளைவில் நின்று எடுப்பதும் பக்கவாட்டில் நின்று எடுப்பதும் ஷட்டருக்கு இரண்டு வேறு வேலைகள்.

வெளிச்சம் இல்லாததால் 1/400க்கு மேல் போகவே முடியவில்லையா? அப்படியானால் உச்சியைப் பிடியுங்கள். பிடிப்பவர்களின் தலைக்கு மேலே தாவும் ரைடர் மேலே ஏறி முடித்து, இறங்கத் தொடங்கும் இடம் ஒன்று உண்டு. அந்த உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு நொடிக்குள் அவருடைய மேல்-கீழ் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தாண்டாது. புவியீர்ப்பு அதற்கு மேல் விடாது. தாவல், ஸ்மாஷ், ஹெடர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முன்னோக்கிப் போகும் வேகம் அப்படியே இருக்கும் என்பதால், தாவி வருபவருக்கு எதிரே உட்கார்ந்தால் பலன் முழுதாகக் கிடைக்கும்.

முகம் தெளிவாக இருந்து, கையோ பாதமோ மட்டும் கரைந்திருந்தால் அதைக் குறையாக எண்ணாதீர்கள். என் கணக்கில் நல்ல கபடிப் படங்களில் பாதி அப்படிப்பட்டவைதான். விரல் நுனி வரை உறைந்த படத்தில் சில சமயம் வேகமே தெரியாது.

எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது

ஆள், தரை, பேனர் மூன்றும் ஒரே திசையில் ஒரே அளவு இழுபட்டிருந்தால் ஆடியது கேமரா. நீண்ட லென்ஸில் இது சகஜம். 200 மி.மீ.க்கு 1/250க்குக் கீழே போக வேண்டாம், 400க்கு 1/500க்குக் கீழே வேண்டாம். ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் வாங்குங்கள், மூன்று கால் ட்ரைபாட் ஆட்டத்துக்கு உதவாது. லென்ஸில் இருக்கும் நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான் நிறுத்தும், ஓடுகிறவரின் காலை நிறுத்தாது. கடைக்காரர்கள் இதை விளக்குவதே இல்லை.

ஆள் கலங்கல், வேறு ஏதோ ஒன்று கூர்மை

இது ஃபோகஸ் தவறிய படம். முதலில் தரையைப் பாருங்கள். மண் களமாக இருந்தால் மண்ணின் துகள், மேட் விரித்த களமாக இருந்தால் அந்த விரிப்பின் சொரசொரப்பு, புல்வெளியாக இருந்தால் புல் என ஏதாவது ஒரு குறுக்குப் பட்டை மட்டும் கூர்மையாக இருக்கும். லென்ஸ் ஃபோகஸ் செய்தது அந்த இடத்தில்தான்.

அந்தப் பட்டை எவ்வளவு ஒல்லி என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவில் 200 மி.மீ., எஃப் 2.8 வைத்து 15 மீட்டர் தள்ளி இருப்பவரை எடுத்தால் கூர்மையான ஆழம் மொத்தமே 90 செ.மீ. போல. 10 மீட்டருக்கு வந்துவிட்டால் 40 செ.மீ. சொச்சம். ஆண்கள் கபடிக் களத்தின் நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர். அதற்குள் ஒரு ரைடரும் ஏழு பிடிப்பவர்களும். ரைடர் ஒரு எட்டு வைத்தாலே அந்த ஆழத்தைத் தாண்டிவிடுகிறார்.

பட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

உங்களை நோக்கி வருபவருக்குப் பின்னால் விழுந்திருந்தால் ஃபோகஸ் அவரைத் துரத்துகிறது, ஆனால் பின்தங்குகிறது. தொடர் ஃபோகஸில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். கேனானில் அதன் பெயர் ஏஐ சர்வோ அல்லது சர்வோ, நிகான், சோனி, ஃபூஜியில் ஏஎஃப்-சி. அதில்தான் இருக்கிறீர்கள் என்றால், எடுப்பதற்கு ஒரு நொடியாவது முன்பே ஃபோகஸ் பட்டனை அழுத்தி ஆளைத் தொடரத் தொடங்குங்கள். அடுத்து அவர் எங்கே இருப்பார் என்று கணிக்க கேமராவுக்குக் கொஞ்ச நேரம் தேவை. அழுத்திய அதே கணத்தில் முதல் ஃப்ரேம் தெளிவாக வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

பின்னால் இருக்கும் பேனரிலோ கூட்டத்திலோ விழுந்திருந்தால், ஃபோகஸ் பகுதி பெரிதாக இருக்கிறது அல்லது உங்கள் கை ஆளை விட்டு விலகியிருக்கிறது. எல்லாப் புள்ளிகளையும் திறந்து விடாமல், நடுவில் ஒரு சிறு தொகுதியை மட்டும் வையுங்கள். அதை முகத்தில் வைக்கப் போராட வேண்டாம், ஜெர்சி எண்ணில் வையுங்கள். எழுத்துக்கும் துணிக்கும் இருக்கும் நிற வேறுபாட்டை ஃபோகஸ் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

நடுவர் குறுக்கே போனார், ஃபோகஸ் அவரோடு போய்விட்டது என்றால், மெனுவில் தொடரும் உணர்திறன் அல்லது லாக்-ஆன் என்று ஒன்று இருக்கும். அதை மந்தமாக்குங்கள். குறுக்கே வந்த ஆளைக் கேமரா கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். அலைச்சறுக்கில் நீர்த்துளிகள் ஃபோகஸைப் பிடுங்கும்போதும் இதே மருந்துதான். கபடியில் நேர்மாறாக, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு உடனே தாவ வேண்டிய தேவையும் வரும். அதற்கு உணர்திறனைக் கூட்டுவதை விட, விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்துவது மேல்.

இதற்காகவே ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்து, பின்புறம் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். கட்டைவிரல் தொடரும், ஆள்காட்டி விரல் எடுக்கும். பழக ஒரு வாரம் கை தடுமாறும், அதன் பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

புதிய கேமராக்களில் கண்ணைக் கண்டறியும் ஃபோகஸ் அருமையான வசதி, தனி ஓட்டக்காரரிடம். நான்கு பேர் ஒருவரைக் கட்டிப் பிடித்திருக்கும் குவியலில் அது அருகிலுள்ள கண்ணுக்குத் தாவிவிடும், அது அநேகமாகப் பிடிப்பவருடைய கண்ணாக இருக்கும். கபடிக்கு நான் அதை நிறுத்திவிட்டுச் சிறு தொகுதிக்கே வந்துவிடுவேன்.

அசையாத பொருளிலும் பட்டை எப்போதும் ஒரே பக்கம் விலகி விழுகிறதா? பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகவில்லை. மெனுவில் நுண் சரிசெய்தல் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டர்தான்.

அடுத்தடுத்த படங்களில் வெளிச்சமும் நிறமும் மாறுகிறது, அல்லது குறுக்கே பட்டைகள்

இரவு ஆட்டம் எடுப்பவர்களின் பெரிய தலைவலி இது. பத்துப் படம் தொடர்ந்து எடுத்தால் ஒன்று சரி, ஒன்று மஞ்சள், ஒன்றில் மேல் பாதி மட்டும் இருட்டு. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, மாற்றிக்கொண்டே இருப்பார்கள், சரியாகாது. காரணம் விளக்கில் இருக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/1000 ஷட்டருக்குத் தெரியும். ஷட்டர் திறந்த நேரத்தில் விளக்கு உச்சத்தில் இருந்தால் நல்ல படம், இறக்கத்தில் இருந்தால் இருண்ட படம். மெட்டல் ஹாலைடு விளக்குகளில் வெளிச்சம் இறங்கும்போது நிறமும் சேர்ந்து மாறும். பெரிய ஸ்டேடியங்களில் விளக்குகளை மூன்று ஃபேஸ்களில் பிரித்துக் கொடுப்பதால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஈடு செய்யும். திருவிழாவுக்காக மைதானத்தின் நான்கு மூலையில் கம்பம் நட்டு, ஒரே லைனிலிருந்து இழுத்த விளக்குகளில் அந்த வசதி கிடையாது.

மின்விளக்கில் சிக்கல் இருக்கிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். ஃபோனில் ஸ்லோ மோஷன் வீடியோவைத் திறந்து விளக்கைப் பாருங்கள். படபடவென்று துடித்தால் படத்திலும் துடிக்கும். அடுத்து 1/1000 வைத்துக் காலியான களத்தைப் பத்துப் படம் தொடர்ந்து எடுத்து, பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

மருந்து, ஃப்ளிக்கர் தடுப்பு. 2014 இல் கேனான் 7டி மார்க் 2 உடன் வந்த வசதி, இப்போது பல நிறுவனங்களின் நடுத்தர கேமராக்களிலும் இருக்கிறது. விளக்கின் துடிப்பை அளந்து, அது உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையும், அது பரவாயில்லை. பல கேமராக்களில் இது திரை நகர்ந்து திறக்கும் மெக்கானிக்கல் ஷட்டரில் மட்டுமே வேலை செய்யும் என்பதைக் கவனியுங்கள். விளக்குகள் ஜெனரேட்டரில் ஓடி, அதன் வேகம் நிலையாக இல்லாவிட்டால் இந்தக் கணிப்பு தடுமாறலாம். அந்த வசதி இல்லாத கேமராவா? நிறைய எடுத்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. 1/100 வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் உள்ளே வந்து வெளிச்சம் சீராகும். ஆனால் ஆட்டம் கரைந்துவிடும், பரிசளிப்புக்கு மட்டும் அதை வையுங்கள்.

பட்டைகள் மூன்று நான்காகவோ இன்னும் நெருக்கமாகவோ விழுந்தால், திரை நகராமல் சென்சாரே படித்தெடுக்கும், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்திருக்கிறீர்கள். முதலில் அதை மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். எல்இடி ஸ்கோர் போர்டில் மட்டும் கோடுகள் விழுந்தால், அது வேறு வேகத்தில் துடிக்கிறது. ஷட்டர் வேகத்தைத் துளித்துளியாக மாற்றும் வசதி சில கேமராக்களில் உண்டு. இல்லாவிட்டால் போர்டு பின்னணியில் வராத இடத்துக்கு நகர்ந்து உட்காருங்கள், அது இன்னும் சுலபம்.

சிலம்பக் கம்பு வளைந்திருக்கிறது

நேரான மூங்கில் கம்பு படத்தில் வில்லாக வளைந்து நிற்கிறது. ஃபோனில் எடுப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கம்பு வேகத்தில் வளைந்தது என்று சொல்பவர்கள் உண்டு. மூங்கில் கொஞ்சம் வளையும்தான், ஆனால் படத்தில் தெரியும் அந்த வளைவு சென்சாரின் வேலை.

எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தை ஒரே நேரத்தில் எடுப்பதில்லை. மேல் வரிசையிலிருந்து கீழ் வரிசை வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போகிறது. முழுதும் படித்து முடிக்க 1/30 நொடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு மூன்று சுற்று சுழலும் கம்பு அதற்குள் 36 டிகிரி திரும்பிவிடும். மேல் வரிசையில் பதிந்த கம்பும் கீழ் வரிசையில் பதிந்த கம்பும் 36 டிகிரி வேறுபட்டவை, இடையில் இருப்பது வளைவாகத் தெரிகிறது. ஷட்டர் வேகத்தை 1/4000 ஆக்கினாலும் இது போகாது. ஒவ்வொரு வரிசையும் தெளிவாக இருக்கும், கம்பு தெளிவாகவே வளைந்திருக்கும்.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரை ஏறக்குறைய 1/250 நொடியில் கடந்துவிடுகிறது. அதே கம்பு அதற்குள் 4 டிகிரி போலத்தான் திரும்பும், கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சத்தமில்லா ஷட்டரை அணையுங்கள். விலை உயர்ந்த சில கேமராக்களில் சென்சாரே அந்த வேகத்தில் படித்துவிடும். 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் படிக்கிறது, அதில் இந்தச் சிக்கலே இல்லை. ஃபோனில் எடுப்பவர்களுக்கு ஒரே வழி, கம்பு நிற்கும் கணங்களைத் தேடுவது. வணக்கம் வைக்கும் இடம், தடுக்கும் இடம், வீச்சு திசை மாறும் இடம் மூன்றிலும் அது ஒரு கணம் நிற்கும்.

இந்தக் கோளாறு டிஜிட்டல் காலத்தில் பிறந்ததல்ல. 1910களின் தொடக்கத்தில் பிரெஞ்சு கிராண்ட் பிரி கார் பந்தயத்தில் ழாக் ஆன்ரி லார்டீக் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் எடுத்த ஒரு படத்தில், காரின் சக்கரம் முட்டை வடிவில் முன்னே சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் நிற்பவர்கள் பின்னே சாய்ந்திருக்கிறார்கள். அவர் கேமராவில் இருந்த ஷட்டரின் பிளவு மெதுவாக நகர்ந்தது, அவர் காரோடு சேர்த்து கேமராவைத் திருப்பினார். தோல்வி என்று ஒதுக்கியிருக்கக்கூடிய படம், இன்று வேகத்துக்கே அடையாளமாகப் பார்க்கப்படுகிறது.

இருட்டு, மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக

ஐஎஸ்ஓவுக்குப் பயந்து 1600இல் நிறுத்திவிட்டு, வீட்டில் போய் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் கூட்டுகிறார்கள். புள்ளிகள் அதிகம் தெரிவது அப்போதுதான். இடத்திலேயே 6400 வைத்து சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம் அதை விட நன்றாக இருக்கும். மேனுவலில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் நீங்கள் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடலாம். ஆனால் பின்னணியில் கறுத்த வானமும் எரியும் விளக்கும் மாறி மாறி வரும் மைதானத்தில் ஆட்டோ ஏமாறும். அங்கே ஐஎஸ்ஓவையும் நிறுத்தி வையுங்கள். விளக்கு மாறப் போவதில்லை, உங்கள் அளவும் மாற வேண்டியதில்லை.

கேமராவோடு வந்த 55-250 மாதிரி லென்ஸ் முழு நீளத்தில் எஃப் 5.6. பலர் உடனே 70-200 எஃப் 2.8 வாங்கக் கடன் போடுகிறார்கள். கபடிக்கு அதற்கு முன் ஒரு 85 மி.மீ. எஃப் 1.8 ஐ முயன்று பாருங்கள். விலை அதில் ஒரு சிறு பங்குதான். எஃப் 5.6 ஐ விட 10 மடங்கு போல வெளிச்சம் உள்ளே வரும். ஜூம் கிடையாது, ஆனால் கபடியில் நீங்கள் களத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள், ஆட்டம் 13 மீட்டருக்குள் நடக்கிறது.

ஃப்ளாஷ் வேண்டாம். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு ஏழு பேரின் கால்களைக் கண்காணிக்கும் ஒருவரின் கண்ணில் வெளிச்சம் பாய்ச்சுவது நியாயமில்லை.

எல்லாம் சரி, ஆனால் முதுகுதான் வருகிறது. அல்லது கணம் நழுவிவிடுகிறது

கூர்மை உண்டு, வெளிச்சம் உண்டு, படம் மட்டும் இல்லை. இதற்கு செட்டிங் கிடையாது. உட்காரும் இடத்தையும் ஆட்ட அறிவையும்தான் பார்க்க வேண்டும்.

ரைடர் எதிரணியைப் பார்த்தபடி நுழைகிறார். அவர் முகம் வேண்டுமென்றால் பிடிப்பவர்களுக்குப் பின்னால், கடைக்கோட்டின் மூலையில் உட்காருங்கள். பிடிபட்ட பிறகு அவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பிக் கையை நீட்டி இழுத்துக்கொண்டு வருவார். அந்த முகம் நடுக்கோட்டின் ஓரத்தில் இருப்பவருக்குத்தான் கிடைக்கும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வராது. முதல் பாதி ஒரு இடம், இரண்டாம் பாதி இன்னொரு இடம் என்று பிரித்துக்கொள்ளலாம். எங்கே இருந்தாலும் தரையோடு தாழ்வாக உட்காருங்கள், ரைடரின் கண் மட்டத்துக்குக் கீழே. நின்றுகொண்டு எடுத்தால் பின்னணி முழுக்கத் தரையாகிவிடும். கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளியே இருங்கள், நான்கைந்து பேர் மொத்தமாக உங்கள் மேல் வந்து விழுவது நடக்கக்கூடியதுதான்.

1965 மே மாதம் அமெரிக்காவின் லூயிஸ்டனில் முகமது அலி சன்னி லிஸ்டனை வீழ்த்திவிட்டு மேலே நின்று கத்தும் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நீல் லைஃபர் எடுத்தது. அதை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். அவரும் தேர்ந்தவர்தான், அவருக்குக் கிடைத்தது அலியின் முதுகு.

கணம் நழுவுவதற்கு வருவோம். நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவில் 1/1000 வைத்தால், ஒவ்வொரு நொடியிலும் நூறில் ஒரு பங்கு நேரத்தைத்தான் நீங்கள் பதிவு செய்கிறீர்கள். மீதி தொண்ணூற்றொன்பது பங்கும் படங்களுக்கு நடுவே போகிறது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் எல்லாம் கிடைத்துவிடும் என்பது நடக்காது. கண்ணால் கண்டு விரல் அழுத்துவதற்கு ஐந்தில் ஒரு நொடி போகிறது. கணுக்கால் பிடியைப் பார்த்த பிறகு அழுத்தினால், படத்தில் வருவது பிடித்து முடித்த காட்சி.

ஆகவே முன்கூட்டியே தெரிய வேண்டும். தொடர்ந்து இரண்டு ரைடில் புள்ளி வராவிட்டால் மூன்றாவது ரைடில் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதியோடு ஆடும் போட்டிகளில், அந்த மூன்றாவது ரைடு உங்களுக்கானது. அதற்கு முந்தைய ரைடுகளில் கார்டை நிரப்பாதீர்கள். ரைடுக்கு 30 நொடி. கடைசி 10 நொடியில் ரைடர் போனஸ் கோட்டுக்கு உள்ளே இறங்குவார், மூலையில் இருப்பவரின் முழங்கால் மடங்கும். அந்த முழங்காலைப் பாருங்கள், பிடி அங்கிருந்துதான் புறப்படும்.

நல்ல கணத்தில் கேமரா நின்றுவிட்டது என்றால், கார்டில் எழுதும் வரை படங்களை வைத்திருக்கும் உள் நினைவகமான பஃபர் நிரம்பியிருக்கிறது. நீண்ட பர்ஸ்ட்டுகளை விட்டு, நான்கைந்து படங்களாக விட்டு விட்டு எடுங்கள். கார்டில் வி30 என்று இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதும், வி90 என்றால் 90. கேமரா ஏற்குமானால் வேகமான கார்டு உடனே பலன் தரும். அன்றே செய்தித்தாளுக்கு அனுப்ப வேண்டிய படம் என்றால் சுருக்கப்படாத பெரிய கோப்பான ரா வேண்டாம், சிறிய ஜேபெக் போதும்.

அலைச்சறுக்கு வீரர் கறுப்பு நிழலாக வருகிறார்

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் எடுப்பவர்கள் எல்லோரும் சந்திப்பது. நம் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் கரையில் நின்று கடலைப் பார்த்தால் சூரியன் நேர் எதிரே. மேற்குக் கடற்கரையை நினைத்து எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும். பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய், வீரரின் முகத்தில் வெளிச்சம் விழும். ஆனால் அதற்குள் கடற்காற்று எழுந்து அலையின் முகத்தைக் கலைத்துவிடும். நல்ல அலை காலையில், நல்ல வெளிச்சம் மாலையில். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச் சுற்று நடந்தபோது கரையில் லென்ஸோடு நின்றவர்களுக்கும் இதே இழுபறிதான்.

காலையில் எடுப்பதென்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முகம் வேண்டுமா, எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு), வானம் வெளுத்துப் போகட்டும். அல்லது முகத்தை விட்டுவிட்டு நீர்த்துளிகளுக்கு அளந்து எடுங்கள். பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவிய அலையும் சிதறும் துளிகளும் வேறெந்த நேரத்திலும் இப்படிக் கிடைக்காது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். இரண்டும் வேண்டும் என்று நடுவில் நின்றால் இரண்டும் கெடும்.

ஆள் குட்டியாகத் தெரிகிறாரா? 80 மீட்டர் தொலைவில், முழு ஃப்ரேமில் 400 மி.மீ. லென்ஸ் 7 மீட்டர் அகலத்தைக் காட்டும். அலையும் ஆளும் சேர்ந்து வர அது சரியான அளவு. 200 வைத்திருப்பவர்கள் அலையையே பொருளாக வைத்து ஆளை அதில் ஒரு பகுதியாக விடுவது நல்லது.

எதிலும் கூர்மை இல்லை, இழுபட்டதும் இல்லை

ஷட்டர் 1/2000. ஃபோகஸும் பிடித்தது. ஆனாலும் படம் முழுக்க ஒரு நெளிவு, கோடுகள் அலை அலையாக. தரையில் எந்தப் பட்டையும் கூர்மையாக இல்லை. இது கானல். சுட்ட மணல், தார் இவற்றுக்கு மேல் எழும் சூடான காற்று ஒளியை வளைக்கிறது. நீண்ட லென்ஸில் தொலைவிலிருந்து எடுக்கும்போது மோசமாகும். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நண்பகலில் நேர்சாலையின் மறுமுனையை எடுத்துப் பார்த்தால் புரியும். எந்த லென்ஸும் இதைச் சரி செய்யாது. அருகில் போங்கள், அல்லது காலை எட்டு மணிக்கு முன் எடுங்கள்.

பைக் நிறுத்தி வைத்த மாதிரி இருக்கிறது

1/2000இல் எடுத்த பந்தய பைக்கில் சக்கரக் கம்பிகள்கூட எண்ணும்படி நிற்கும். ஓட்டுபவர் சாய்ந்திராவிட்டால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியது போலவே தெரியும். இங்கே ஷட்டரைக் குறைத்து, வண்டியோடு சேர்த்து கேமராவைத் திருப்ப வேண்டும். 1/250இல் தொடங்குங்கள், கை பழகியதும் 1/125, பிறகு 1/60.

வண்டி உங்களுக்குச் செங்குத்தாகக் கடக்கும் இடத்தில் நில்லுங்கள். கால்களை அந்த இடத்தை நோக்கி வைத்து, இடுப்பிலிருந்து மேல்பகுதியை மட்டும் வண்டி வரும் பக்கம் திருப்பிக் காத்திருங்கள். கடந்த பிறகும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். பட்டன் அழுத்தும் கணத்தில் கை நின்றுவிடுவதுதான் முக்கால்வாசித் தோல்விக்குக் காரணம். படத்தில் வண்டி மேலும் கீழுமாக இழுபட்டிருந்தால் கை குதிக்கிறது, முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். முன்சக்கரம் தெளிவாக இருந்து வால் கரைந்திருந்தால், வண்டி செங்குத்து இடத்தில் இல்லாதபோது எடுத்திருக்கிறீர்கள். சரியாக அந்த இடத்தில் அழுத்துங்கள். நடுக்கத் தடுப்பை இரண்டாம் மோடுக்கோ ஸ்போர்ட் மோடுக்கோ மாற்றுங்கள், சாதாரண மோடு உங்கள் திருப்பலோடு மல்லுக்கட்டும்.

பகல் வெயிலில் 1/60 வைத்தால் ஐஎஸ்ஓ 100இல்கூட எஃப் 22 கேட்கும். அதில் கூர்மை குறையும், சென்சாரில் ஒட்டிய தூசியெல்லாம் தெரியும். ஒளியைக் குறைக்கும் கறுத்த கண்ணாடியான என்டி ஃபில்டர் ஒன்றைப் போட்டு எஃப் 8க்கு வாருங்கள். பத்தில் ஒன்று தேறினால் அது நல்ல நாள். 

படம் முழுக்க வெண்புகை

ஏசி காரிலிருந்து நேராகக் கடற்கரையில் இறங்கியிருப்பீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்திருக்கிறது. துடைத்தால் மறுபடி படியும். லென்ஸை மாற்றாதீர்கள், ஈரம் சென்சாருக்கும் போகும். பையை மூடியபடியே வெளியே வைத்து அரை மணி நேரம் விடுங்கள், அல்லது கடைசி இருபது நிமிடப் பயணத்தில் ஏசியை அணைத்துவிடுங்கள். ஈரம் போன பிறகும் வெண்மை போகவில்லை என்றால் அது உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். ஊதி விட்டு, லென்ஸ் திரவம் நனைத்த துணியால் மெதுவாக எடுங்கள்.